அதிகாரம் யாரிடம்? அதைத் தடுப்பவர் யார்? (இலங்கை, ஐக்கிய அமெரிக்க ஆட்சிமுறைகள்: ஓர் ஒப்பீடு)

க.பொ.த. சாதாரண தரம் – குடியியற் கல்வி



‘வலுவேறாக்கம்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் உங்களில் அநேகர் எழுதிவிடுவீர்கள். “இலங்கையிலிருந்து உதாரணம் தந்து விளக்குக” என்று அடுத்த வரி வந்ததும் பேனா நின்றுவிடும். பாடத்தை விளங்காமல் மனனம் செய்வதே இதற்குக் காரணம்.

ஓர் ஆட்சிமுறையைத் தனியாகப் படிக்கும்போது அதன் இயல்பு எளிதில் தெரிவதில்லை. இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது ஒத்தது, எது வேறுபட்டது என்பது புலப்படும். ஆகவே இப்பாடத்தில் நமது நாட்டின் ஆட்சிமுறையை ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிமுறையோடு ஒப்பிட்டுப் படிப்போம். எந்த நிறுவனத்தைப் படித்தாலும் பின்வரும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள்.

1. இதற்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?
2. இதைத் தடுக்கக்கூடியவர் யார்?
3. இதன் பதவிக்காலம் எப்போது முடிகின்றது?

முதல் இரண்டையும் மாணவர்கள் எழுதுகிறார்கள். மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். அந்த மூன்றாவது வினா எவ்வளவு முக்கியமானது என்பதை இப்பாடத்தின் முடிவில் காண்பீர்கள்.

1. மூன்று துறைகள்

அரசின் பணிகள் மூன்று. சட்டத்தை ஆக்குவது சட்டத்துறை. அதை நடைமுறைப்படுத்துவது நிறைவேற்றுத்துறை. பிணக்கு எழும்போது சட்டத்திற்குப் பொருள் கூறித் தீர்ப்பு வழங்குவது நீதித்துறை. இம்மூன்றும் ஒருவர் கையில் இருக்கக்கூடாது என்பதை 1748 இல் வெளியான தமது நூலில் விரிவாக எடுத்துக்கூறியவர் பிரான்சிய அறிஞர் மொன்டெஸ்கியூ.

உங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இல்லத்தின் தலைவரே விதிகளை எழுதி, அவரே ஓட்டத்தைத் தொடக்கி வைத்து, அவரே முதலிடம் யாருக்கு என்றும் தீர்மானித்தால் மற்ற இல்லங்கள் ஒத்துக்கொள்ளுமா? அவர் நல்லவராகவே இருந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டா. வலுவேறாக்கக் கோட்பாட்டின் அடிப்படையும் இதுதான். அதிகாரத்தில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதை அது பார்ப்பதில்லை. யாராக இருந்தாலும் அவரைத் தடுக்க இன்னொருவர் வேண்டும் என்கின்றது. ஒரு துறை மற்றத் துறையைத் தடுத்துச் சமப்படுத்தும் இந்த ஏற்பாட்டைத் ‘தடைகளும் சமன்பாடுகளும்’ என்பர்.

2. இலங்கை: நான்கு அரசியலமைப்புகள்

(அ) 1931 டொனமூர் அரசியலமைப்பு. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆனால் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கு ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. டொனமூர் திட்டம் முழுமையான சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பே காரணம். 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன.

(ஆ) 1947 சோல்பரி அரசியலமைப்பு. பிரித்தானிய மாதிரியிலான மந்திரிசபை ஆட்சி ஏற்பட்டது. பிரதிநிதிகள் சபை, மூதவை என இரு மன்றங்கள் இருந்தன. மூதவை 1971 இல் ஒழிக்கப்பட்டது.

(இ) 1972 முதலாவது குடியரசு அரசியலமைப்பு. தேசிய அரசுப் பேரவை என்ற ஒரே மன்றம். பெயரளவு சனாதிபதியாக வில்லியம் கோபல்லாவ இருந்தார். உண்மையான நிறைவேற்று அதிகாரம் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருந்தது.

(ஈ) 1978 இரண்டாவது குடியரசு அரசியலமைப்பு. செப்டெம்பர் 7 இல் நடைமுறைக்கு வந்த இவ்வரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி பதவியை நிலைநிறுத்தியது. அமெரிக்க முறையின் சனாதிபதியும் பிரித்தானிய முறையின் பாராளுமன்ற அமைச்சரவையும் இதில் கலந்துள்ளன. இக்கலப்பு பிரான்சின் 1958 அரசியலமைப்புக்குக் கிட்டியது.

இவ்வரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை இறைமை மக்களுக்கு உரியது, அது பராதீனப்படுத்த முடியாதது என்று கூறுகின்றது. அதாவது மக்களிடமிருந்து அதை யாரும் பிரித்து எடுக்கமுடியாது. 4 ஆம் உறுப்புரை அந்த இறைமை எவ்வாறு பிரயோகிக்கப்படும் என்று கூறுகின்றது. முதலாவது வினாவுக்கான விடை இந்த இரண்டு உறுப்புரைகளிலும் இருக்கின்றது. அதிகாரம் கொடுத்தவர்கள் மக்கள்.

3. ஐக்கிய அமெரிக்கா: அடிப்படை அமைப்பு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு 1787 இல் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டு 1789 இல் செயற்படத் தொடங்கியது. இதுவரை 27 திருத்தங்களே செய்யப்பட்டுள்ளன. நாம் நான்கு அரசியலமைப்புகளைக் கண்ட காலத்தில் அவர்கள் ஒன்றையே வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சட்டத்துறை: கொங்கிரஸ். இதில் இரு மன்றங்கள். செனற் சபையில் 50 மாநிலங்களுக்கும் தலா 2 பேராக 100 உறுப்பினர்கள் (பதவிக்காலம் 6 ஆண்டுகள்). பிரதிநிதிகள் சபையில் சனத்தொகைக்கு ஏற்ப 435 உறுப்பினர்கள் (பதவிக்காலம் 2 ஆண்டுகள்).

நிறைவேற்றுத்துறை: சனாதிபதி. பதவிக்காலம் 4 ஆண்டுகள். 1951 இல் நிறைவேறிய 22 ஆவது திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தெரிவாக முடியாது.

நீதித்துறை: 9 நீதியரசர்களைக் கொண்ட உயர் நீதிமன்றம். சனாதிபதி பெயர் குறிப்பிடுவார். செனற் சபை அங்கீகரிக்க வேண்டும். ஆயுட்காலப் பதவி.

4. எங்கே வேறுபடுகின்றன?

ஆறு விடயங்களை மட்டும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

(1) சனாதிபதியைத் தெரிவுசெய்தல்

இலங்கையில் முழு நாடும் ஒரே தொகுதி. மக்கள் நேரடியாக வாக்களிப்பர். செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெறவேண்டும். வாக்காளர் 1, 2, 3 என விருப்புத்தெரிவு இடலாம். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் முதற் கணிப்பில் ஒருவரும் அரைவாசியைத் தாண்டாததால், வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. அதன் பின்னரே அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 538 பேரைக் கொண்ட தேர்வாளர் கல்லூரியே சனாதிபதியைத் தெரிவுசெய்கின்றது. 270 பெறுபவர் வெற்றியாளர். இதனால் நாடளாவிய ரீதியில் கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்கவும் கூடும். 2016 இல் ஹிலாரி கிளின்ரன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் டொனால்ட் ட்ரம்ப் சனாதிபதியானார்.

(2) அமைச்சர்கள்

இலங்கையில் அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிலிருந்தே நியமிக்கப்படுவர். அமெரிக்காவில் கொங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சரவைக்குப் போவதாயின் தமது ஆசனத்தைத் துறக்கவேண்டும். ஆகவே அமெரிக்காவில் வலுவேறாக்கம் கூடுதலாகவும் இலங்கையில் குறைவாகவும் உள்ளது என எழுதலாம். காரணத்தையும் சேர்த்து எழுதினாலே முழுப்புள்ளி கிடைக்கும்.

(3) சட்டமூலம் சட்டமாதல்

அமெரிக்க சனாதிபதி ஒரு சட்டமூலத்தை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். இது இரத்து அதிகாரம். இரு மன்றங்களும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அதை மீறி நிறைவேற்றலாம். இலங்கையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்துக்குச் சான்றுரை வழங்குபவர் சபாநாயகர். சனாதிபதிக்கு இங்கே இரத்து அதிகாரம் இல்லை.

(4) மன்றத்தைக் கலைத்தல்

அமெரிக்க சனாதிபதியால் கொங்கிரஸைக் கலைக்க முடியாது. இலங்கைச் சனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியும். ஆனால் நினைத்தவுடன் அல்ல. 2015 இன் 19 ஆவது திருத்தம், முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டுகள் முடியுமுன் கலைப்பதானால் பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்கவேண்டும் என விதித்திருந்தது. 2018 நவம்பர் 9 இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அக்காலத்துக்கு முன்னரே பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாக அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். நீதித்துறை நிறைவேற்றுத்துறையைத் தடுத்ததற்கு இதைவிடத் தெளிவான இலங்கை உதாரணம் உங்களுக்குத் தேவையில்லை. பின்னர் 20 ஆவது திருத்தம் (2020) இக்காலத்தை இரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. 21 ஆவது திருத்தமும் (2022) அதை மாற்றவில்லை.

(5) பதவி வெறிதாதல்

அமெரிக்காவில் சனாதிபதி பதவி வெறிதானால் உப சனாதிபதி அப்பதவிக்கு வருவார். 1974 இல் றிச்சர்ட் நிக்சன் பதவி விலகியதும் ஜெரால்ட் போர்ட் சனாதிபதியானது அவ்வாறே. இலங்கையில் எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் தனது உறுப்பினர்களில் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பால் தெரிவுசெய்யும். 2022 யூலை 14 இல் மக்கள் எழுச்சியின் மத்தியில் கோட்டாபய ராஜபக்ச பதவி விலகினார். யூலை 20 இல் பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் பெற்று ரணில் விக்கிரமசிங்க தெரிவானார்.

(6) சட்டத்தை நீதிமன்றம் மீளாய்வு செய்தல்

இது பலர் தவறாக எழுதும் இடம். அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்கனவே நடைமுறையிலுள்ள ஒரு சட்டத்தையும் அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறிச் செல்லுபடியற்றதாக்கலாம். 1803 இல் மார்பரி எதிர் மடிசன் வழக்கில் இந்த அதிகாரம் நிலைநாட்டப்பட்டது. இலங்கையில் சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் சான்றுரை வழங்கிய பின் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்த நீதிமன்றிலும் வாதிட முடியாது. ஆனால் நிறைவேற்று, நிர்வாக நடவடிக்கையால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றத்தை நாடலாம். இதனை 126 ஆம் உறுப்புரை தருகின்றது.

5. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்: ஆசனங்கள் எவ்வாறு பகிரப்படுகின்றன?

பாராளுமன்ற உறுப்பினர்கள் 225 பேர். தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேரும் தேசியப்பட்டியலிலிருந்து 29 பேரும் வருவர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிருவாக மாவட்டங்களும் சேர்ந்ததே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். இதற்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. மாவட்ட ஆசனங்களில் பெரும்பகுதி பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையை வைத்தே பகிரப்படுவதால், மற்ற மாவட்டங்களோடு ஒப்பிடுகையில் வாக்காளர் பங்கு குறைந்தால் ஆசனமும் குறையும். 18 வயதானதும் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிவது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

ஆசனப் பகிர்வைக் கணக்காகச் செய்து பழகுங்கள். ஒரு மாவட்டத்தில் 6 ஆசனங்கள், செல்லுபடியான வாக்குகள் 300,000 எனக் கொள்வோம்.

கட்சி அ – 120,000
கட்சி ஆ – 75,000
கட்சி இ – 60,000
கட்சி ஈ – 33,000
கட்சி உ – 12,000

படி 1: வெட்டுப்புள்ளி 5%. அதாவது 15,000. கட்சி உ நீக்கப்படும். (1988 க்கு முன் வெட்டுப்புள்ளி 12.5% ஆக இருந்தது.)
படி 2: கூடுதல் வாக்குப் பெற்ற கட்சி அ க்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி 5 ஆசனங்கள்.
படி 3: எஞ்சிய கட்சிகளின் மொத்த வாக்குகள் 288,000. இதை 5 ஆல் வகுக்க 57,600. இதுவே ஓர் ஆசனத்துக்குரிய வாக்குத்தொகை.
படி 4: அ – 2 ஆசனங்கள் (மீதி 4,800), ஆ – 1 (மீதி 17,400), இ – 1 (மீதி 2,400), ஈ – 0 (மீதி 33,000).
படி 5: எஞ்சிய ஓர் ஆசனம் மிகக்கூடிய மீதியுள்ள கட்சி ஈ க்கு.

முடிவு: அ – 3, ஆ – 1, இ – 1, ஈ – 1.

இங்கே தரப்பட்ட வாக்குகள் பயிற்சிக்கானவை. ஆனால் ஆசனப் பங்கீட்டின் வடிவம் உங்களுக்குப் பழக்கமானதே. 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களும் இவ்வாறே பிரிந்தன. தேசிய மக்கள் சக்தி 3, இலங்கைத் தமிழரசுக் கட்சி 1, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 1, ஒரு சுயேச்சைக் குழு 1. கட்சி எத்தனை ஆசனம் பெற்றதென்பது இக்கணக்கால் தீர்மானிக்கப்படும். அக்கட்சியில் எவர் பாராளுமன்றம் போவார் என்பது விருப்பு வாக்குகளால் தீர்மானிக்கப்படும். ஒரு வாக்காளர் தாம் தெரிவுசெய்த கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்கு இடலாம்.

6. ஒற்றையாட்சியும் சமஷ்டியும்

அமெரிக்கா சமஷ்டி நாடு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பும் சட்டமன்றமும் உண்டு. மத்திக்குக் கொடுக்கப்படாதனவும் மாநிலங்களுக்குத் தடைசெய்யப்படாதனவுமான அதிகாரங்கள் மாநிலத்துக்கோ மக்களுக்கோ உரியவை. மாநில ஆளுநரை அம்மாநில மக்களே தெரிவுசெய்வர்.

இலங்கை ஒற்றையாட்சி நாடு. 1987 நவம்பரில் 13 ஆவது திருத்தத்தின் மூலம் மாகாண சபைகள் உருவாக்கப்பட்டன. அதிகாரங்கள் மாகாண சபை நிரல், ஒதுக்கப்பட்ட நிரல், ஒருங்கிய நிரல் என மூன்றாக வகுக்கப்பட்டன. மாகாண ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கிறார். காணி, பொலிஸ் அதிகாரங்கள் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்தும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

இது தொலைவிலுள்ள விடயம் என நினைக்காதீர்கள். உங்கள் பாடசாலையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. குடாநாட்டின் மற்றப் பெரும்பாலான அரசாங்கப் பாடசாலைகள் வடக்கு மாகாணக் கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. உங்கள் வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லையென்றால், ஊர் வைத்தியசாலையில் வைத்தியர் இல்லையென்றால், அந்தக் குறையை எந்தச் சபையில் எழுப்பவேண்டும் என்பது இந்நிரல்களைப் பொறுத்தது.

7. மூன்றாவது வினா: பதவிக்காலம் எப்போது முடிகின்றது?

1864 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தேர்தலைத் தள்ளிவைக்க அதைவிடப் பெரிய காரணம் கிடைக்காது. ஆயினும் உரிய நாளில் தேர்தல் நடந்தது. ஆபிரகாம் லிங்கன் மக்கள் முன் நின்று மீண்டும் தெரிவானார். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் என்ற ஒழுங்கு இன்றுவரை குலையவில்லை.

இப்போது இலங்கையைப் பாருங்கள்.

• 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலம் 1982 டிசெம்பர் 22 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பால் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் இதை எதிர்த்து வாக்களித்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989 இலேயே நடந்தது.

• சனாதிபதி பதவிக்கான இரு தவணை வரையறையை 2010 இல் 18 ஆவது திருத்தம் நீக்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது.

• 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகளுக்கும் உறுப்பினர்கள் கிடைத்தனர்.

• வடக்கு மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சபையின் ஐந்தாண்டுக் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. மற்ற மாகாண சபைகளின் காலமும் ஒவ்வொன்றாக முடிந்தது. 2017 இல் தேர்தல் முறை திருத்தப்பட்டிருந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையில் நடத்தச் சட்டமில்லை, புதிய முறையில் நடத்த எல்லைகளில்லை என்ற நிலை உண்டானது. 2025 வரையிலும் எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை.

வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தபோது உங்களில் பலர் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தீர்கள். கைதடியில் சபைக் கட்டடம் இருக்கின்றது. மாகாணத் திணைக்களங்கள் இயங்குகின்றன. அதிகாரிகள் கடமை செய்கின்றனர். சனாதிபதி நியமித்த ஆளுநர் நிருவாகத்தை நடத்துகிறார். ஆனால் உங்கள் பாடசாலைக் குறையை எழுந்து நின்று கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஓர் உறுப்பினர் அங்கே இல்லை. சபையின் அதிகாரத்தை யாரும் இரத்துச் செய்யவில்லை. தேர்தல் நடக்காதது ஒன்றே அதை மக்களிடமிருந்து தூரமாக்கப் போதுமாயிற்று.

தேர்தல் நடந்தும் மக்கள் வாக்களிக்காதுவிட்டால் நிலைமை என்ன? 1931 ஐ மேலே படித்தீர்கள். 2005 சனாதிபதித் தேர்தலிலும் புறக்கணிப்பு அழைப்பினாலும் அச்சத்தினாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 2 வீதத்தினர்கூட வாக்களிக்கவில்லை. அத்தேர்தலில் நாடு முழுவதற்குமான வெற்றி வித்தியாசம் ஏறத்தாழ 181,000 வாக்குகள். அந்தப் புறக்கணிப்புகள் சரியா பிழையா என்பதில் பெரியவர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. பரீட்சையில் நீங்கள் தீர்ப்புக் கூறத் தேவையில்லை. வாக்களித்தாலும் விட்டாலும் விளைவு உண்டு என்பதை மட்டும் ஆதாரத்துடன் எழுதுங்கள்.

8. விடைத்தாளில் வரும் பொதுவான தவறுகள்

• “அமெரிக்கப் பாராளுமன்றம்” என எழுதுதல். கொங்கிரஸ் என எழுதுக.
• இலங்கையின் உயர் நீதிமன்றத்தையும் மேல் நீதிமன்றத்தையும் மாற்றி எழுதுதல். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் உயர் நீதிமன்றமே.
• மாகாண சபைகள் இருப்பதால் இலங்கை சமஷ்டி நாடு என எழுதுதல். அதிகாரம் பன்முகப்படுத்தப்பட்ட ஒற்றையாட்சி என்பதே சரி.
• திருத்தங்களின் எண்ணை எழுதி ஆண்டை விடுதல். 13 – 1987, 17 – 2001, 18 – 2010, 19 – 2015, 20 – 2020, 21 – 2022 எனச் சேர்த்து நினைவிற் கொள்க.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: நிறைவேற்றுத்துறையைக் கட்டுப்படுத்தும் மூன்று வழிகளை இலங்கையின் உதாரணங்களுடன் விளக்குக.

விடை: முதலாவது, நீதித்துறையின் கட்டுப்பாடு. 2018 நவம்பரில் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தமை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 2018 டிசெம்பர் 13 இல் தீர்ப்பளித்தது. இரண்டாவது, சட்டத்துறையின் கட்டுப்பாடு. அரசாங்க நிதி பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சனாதிபதிக்கு எதிரான குற்றப்பிரேரணையை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால், அதாவது 150 வாக்குகளால், நிறைவேற்றி உயர் நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பவும் அதனால் முடியும். 1991 இல் சனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக அத்தகைய முயற்சி ஒன்று எடுக்கப்பட்டு வெற்றி பெறவில்லை. மூன்றாவது, மக்களின் கட்டுப்பாடு. சனாதிபதியின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். ஒருவர் இரு தடவை மட்டுமே தெரிவாகலாம். உரிய காலத்தில் நடைபெறும் தேர்தலே இக்கட்டுப்பாட்டை உயிருள்ளதாக்குகின்றது.

கவனிக்க: ஒவ்வொரு பந்தியிலும் ஒரு கருத்து, ஓர் உதாரணம், ஓர் ஆண்டு. இதைவிட நீளம் தேவையில்லை.

10. பயிற்சி

1. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்துக்குச் சான்றுரை வழங்குபவர் யார்?
2. அமெரிக்க செனற் சபையின் உறுப்பினர் தொகை எத்தனை? பிரதிநிதிகள் சபையைவிட அதன் பதவிக்காலம் எவ்வளவு கூடியது?
3. 7 ஆசனங்களுள்ள மாவட்டம் ஒன்றில் செல்லுபடியான வாக்குகள் 400,000. கட்சி அ 160,000, ஆ 120,000, இ 70,000, ஈ 40,000, உ 10,000. ஆசனங்களைப் பகிர்க.
4. அமெரிக்க மாநில ஆளுநருக்கும் இலங்கை மாகாண ஆளுநருக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு ஒன்றைத் தருக.
5. உங்கள் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை ஒன்றைத் தெரிந்து, இப்பாடத்தின் தொடக்கத்திலுள்ள மூன்று வினாக்களுக்கும் அதைப் பற்றி விடை எழுதுக.

விடைகள்: 1. சபாநாயகர். 2. 100, 4 ஆண்டுகள். 3. அ – 3, ஆ – 2, இ – 1, ஈ – 1. 4. முன்னவர் மக்களால் தெரிவுசெய்யப்படுகிறார். பின்னவர் சனாதிபதியால் நியமிக்கப்படுகிறார்.

ஐந்தாவது வினாவுக்கு இங்கே விடை தரப்படவில்லை. உங்கள் சபையின் அலுவலகத்தில் கேட்டால் விடை கிடைக்கும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. இன்னும் இரண்டோ மூன்றோ ஆண்டுகளில் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வரும். அதற்கு முன்பே இக்கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்.